ஆசிட் கூட்டம்

என்னை ஹைட்ரஜன் என்று சொன்ன ஒரே மனுஷர் சாமிக்கண்ணு அண்ணன்தான். நல்ல எண்ணத்தில் சொன்னாரா, என்னை மாட்டிவிட்டுத் தான் தப்பிக்கச் சொன்னாரா என்ற யோசனை ரொம்ப நாள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் எடுக்கிறோம், போன வேகத்தில் திரும்பிவிடலாம் என்று ஜப்பான்காரன் சொன்னதை நம்பி, என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றிவிட்டவள் நான். போனவர் திரும்பவில்லை. என்னிடமிருந்த நம்பிக்கையெல்லாம் அந்த லாரியிலேயே ஏறிப் போய்விட்டது.

மலாக்காப் பக்கம் ஜாசினுக்குப் போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்து ஸ்டோரில் சாமிக்கண்ணு அண்ணன் ஆசிட் கலக்குகிறவர். ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கி வைக்கிற இடம் இல்லை. ரப்பர் பாலை உறையவைத்து, ஷீட்டாக உருட்டி, புகை போட்டு எடுக்கிற ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். ஒல்லியான ஆள். விரல் நுனியெல்லாம் ஆசிட் பட்டு வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். அவர் பெண்டாட்டி குஞ்சம்மா அக்காள் போடுகிற குழம்பைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கட்டிக்கொண்டவளுக்கு அது எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சின்ன வயதில் மலாக்கா டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அப்பா செத்ததும் படிப்பு நின்றுபோய், தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் அவரை விட்டுப் போகவில்லை. யாராவது அகப்பட்டால் போதும், நிறுத்திவைத்து விளக்க ஆரம்பித்துவிடுவார். வெள்ளிக் கொலுசு ஏன் கறுக்கிறது, சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் ஏன் கொதிக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வேலை நின்று எல்லாரும் மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது, இவர் எண்ணெயும் சாம்பல் தண்ணீரும் காய்ச்சி சவுக்காரம் செய்து நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் முழுக்கக் கொடுத்தார். அதைப் போட்டுக் குளித்தவர்களுக்கெல்லாம் அரிப்பு வந்தது. ஏன் அரிக்கிறது என்பதையும் நிறுத்திவைத்து விளக்கினார்.

பால் நிறுத்துக் கொடுத்தவுடன் நாங்கள் பெண்கள் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டம் பிடிப்பது அவருடைய வாய்க்குப் பயந்துதான். முதல் ஆளாக ஓடுகிறவள் நான். நான் குட்டை, கால் வேகம். அது அவர் கண்ணில் பட்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. ஐம்பத்திரண்டாம் வருஷம். லயங்களையெல்லாம் ஓரிடத்தில் நெருக்கி, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கப் போகும்போது காவல்காரர்கள் எங்கள் வாளிக்குள் கைவிட்டுத் துழாவுவார்கள். பெண்களைச் சோதிக்க ஒருத்தி இருந்தாள். கொண்டையை அவிழ்த்துக்கூடப் பார்ப்பாள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பேச்சுத்தான். யார் கேட்கிறார்கள், யார் போய்ச் சொல்கிறார்கள் என்று தெரியாது. பொதுக் குழாய் இருக்கிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இன்றைக்கு என்ன கறி என்பதற்குமேல் எவளும் வாயைத் திறக்க மாட்டாள். திறக்கிறவள் எதற்குத் திறக்கிறாள் என்று மற்றவள் பார்ப்பாள்.

பிடித்துக்கொண்டு போவதற்குச் சாட்சி வேண்டியதில்லை, சந்தேகம் போதும். கொஞ்ச நாள் அடைத்து வைப்பார்கள், பிறகு கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு எது ஊர்? நான் பிறந்தது இதே தோட்டத்தில். என் அப்பா திருச்சிப் பக்கம் என்று சொன்ன ஞாபகம் உண்டு. திருச்சிக்கு எந்தப் பக்கம் என்று கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பேன்?

இப்படி இருக்கும்போது ஸ்டோருக்குப் புது ஆசிட் வந்து இறங்கியது. வழக்கமாக வருவது பார்மிக் ஆசிட். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே சாமான் என்று அண்ணன் சொல்வார். அந்தத் தடவை அது கிடைக்காமல் அசிட்டிக் ஆசிட் என்று எழுதின பீப்பாய்களை அனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடி வாடை. ஸ்டோர் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். காட்டுக்காரர்கள் வழியில் எதையோ கலந்துவிட்டிருக்கிறார்கள், ஷீட் கெட்டால் பழி நம் தலையில்தான் விழும் என்று ஷீட் உருட்டுகிற ரங்கசாமி சொன்னார். பீப்பாய் தூக்குகிற பெரியதம்பி, தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். சாமிக்கண்ணு அண்ணன் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அவர் சொல்லி யார் கேட்டார்கள்?

கடைசியில் தோட்டத்துத் துரை கோலாலம்பூருக்கு எழுதி, ரப்பர் விஷயம் தெரிந்த ஒரு வெள்ளைக்காரர் வந்து ஆட்களுக்கு விளக்குவதாக ஏற்பாடு ஆயிற்று. அவர் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் தேவை. ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி, நமக்கேன் வம்பு என்று நழுவிவிட்டார். அண்ணன் கூப்பிடாமலே போய் முன்னால் நின்றார். பேசப்போகிற விஷயத்தை டைப் அடித்து அவர் கையில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மனுஷர் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பேச்சில் ஒரு சொல் அவரைப் போட்டு வாட்டியது. பங்ஷனல் குரூப் என்று இருந்ததாம். விஷயம் லேசானதுதான், எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள். ஒரு பொருளின் உடம்பு நீளமோ குட்டையோ, அதோடு ஒரு சின்ன குரூப் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொருள் என்ன வேலை செய்யும் என்பதை அந்த ஒட்டுத்தான் தீர்மானிக்கிறது. பார்மிக்குக்கு உடம்பு வேறு, அசிட்டிக்குக்கு உடம்பு வேறு, வாடையும் வேறு. ஆனால் இரண்டிலும் ஒட்டியிருக்கிற குரூப் ஒன்றேதான். அதனால்தான் இரண்டுமே பாலை உறைய வைக்கின்றன. அசிட்டிக்கைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த குரூப்புக்குத் தமிழில் என்ன சொல்வது? அவருக்குத் தெரிந்த தமிழ் எங்கள் தமிழ். நாலு பேர் சேர்ந்து நின்றால் அதற்கு எங்கள் பக்கம் ஒரே சொல்தான். கூட்டம். பங்ஷனல் குரூப்பை வேலைக்கூட்டம் என்றும், ஆசிட்டில் இருக்கிற குரூப்பை ஆசிட் கூட்டம் என்றும் வைத்துக்கொண்டார். அந்த வருஷத்தில், அந்த முள்வேலிக்குள், வேறு எந்தச் சொல் அவர் வாயில் வந்திருந்தாலும் தேவலை.

அதோடாவது விட்டாரா? கார்பன், ஆக்சிஜன் என்றால் ஆட்களுக்கு எங்கே புரியும் என்று, தெரிந்த மனுஷர்களின் பேரையே வைத்தார். கார்பனுக்கு நாலு கை, அது நடுவில் நிற்கும். அதற்குப் பெரியதம்பி, ஸ்டோரிலேயே அகலமான ஆள். ஆக்சிஜனுக்கு இரண்டு கை. ஒரு ஆக்சிஜன் ரங்கசாமி. இரண்டு கையாலும் பெரியதம்பியைப் பிடித்துக்கொள்வார். இன்னொரு ஆக்சிஜன், புகைக்கூடத்துக்கு விறகு போடுகிற சின்னத்தம்பி. ஒரு கையால் பெரியதம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டுவார். நீட்டின கையைப் பிடித்துக்கொள்வது ஹைட்ரஜன். இருக்கிறதிலேயே சின்னது அது. ஒரே ஒரு கைதான் அதற்கு, ஒருத்தரைத்தான் பிடிக்க முடியும். அதற்கு வேலாயி என்கிற என் பேரை வைத்துவிட்டார். பெரியதம்பிக்கு மிச்சமிருக்கிற நாலாவது கையை உடம்பு பிடித்துக்கொள்ளும். சமயம் வரும்போது ஹைட்ரஜன் கையை உதறிவிட்டு ஓடும். அது ஓடிப்போய் விழுந்துதான் பால் உறைகிறது.

ஸ்டோர் ஆட்கள் மத்தியானம் சோற்றுக்குப் போனதும், புகைக்கூடத்துக்குப் பின்னால் தனியாக நின்று, எதிரில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு அண்ணன் உரக்கப் பேசிப் பழகியிருக்கிறார். "பெரியதம்பி நடுவுல நிப்பாரு. ரங்கசாமி விடாம பிடிச்சிருப்பாரு. சின்னத்தம்பி கையில வேலாயி. நேரம் வந்ததும் வேலாயி கையை விட்டுட்டு ஓடிடுவா. அவ ஓடினாத்தான் வேலை முடியும். அதான் நம்ம ஆசிட் கூட்டம்." பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு காது இருந்திருக்கிறது.

பால் நிறுக்கிற நேரத்தில் போலீஸ் லாரி வந்தது. அண்ணனையும் அந்த மூன்று ஆண்களையும் ஏற்றினார்கள். பிறகு எங்களை மேய்க்கிற மண்டோர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் கையில் பால் வாளி. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தேன். என்னோடு தினம் மரம் வெட்டுகிற பெண்கள் எல்லாரும் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். குஞ்சம்மா அக்காள் ஒருத்திதான் என்னைப் பார்த்தாள். புருஷனை லாரியில் ஏற்றியிருக்கிறார்கள், இவள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள். எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

லாரியில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சொல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டோம். ரங்கசாமிதான் சொல்லியிருப்பார், பீப்பாய் விஷயத்தில் அண்ணன்மேல் கோபம் என்று நான் நினைத்தேன். பெரியதம்பி என்னை முறைத்துக்கொண்டே வந்தார். அவர் என்ன நினைத்தாரோ.

ஸ்டேஷனில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் போலீஸ் துரை, சிவந்த கழுத்து, தூக்கமில்லாத கண். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தனபாலன். மலாக்கா டவுன்காரர், வெள்ளைச் சட்டை, வழித்து வாரின தலை. அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். எங்கள் சொல்லை மெதுவாக்கிச் சொன்னால், இவனும் அவர்கள் ஆள்தானோ என்று துரை நினைத்துவிடுவார் அல்லவா? அதனால் ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் காரமாக்கியே சொன்னார். கூட்டம் என்பதை அவர் கேங் என்று சொன்னார். களை வெட்டுகிற கேங், ரோடு போடுகிற கேங் என்று எங்களுக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் துரை அதைத் திருப்பிச் சொன்ன விதத்தில் அது களை வெட்டுகிற கேங்காக இல்லை.

அவர்கள் கணக்கு இதுதான். ஆசிட் கூட்டம் என்று ஒன்று தோட்டத்தில் இருக்கிறது. ஆசிட்டை ஊற்றி ரப்பர் மரங்களைப் பட்டுப்போக வைப்பதோ, துரை முகத்தில் வீசுவதோ அதன் திட்டம். பெரியதம்பி தலைவன். நான் ஓட்டக்காரி, சேதி கொண்டுபோகிறவள். கையை விட்டுவிட்டு எந்தக் காட்டுக்குள் ஓடுவாய், அங்கே யாரைப் பார்ப்பாய் என்று கேட்டார்கள். ஆசிட் கூட்டம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்றேன். ஒப்புக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் கப்பல் என்று தனபாலன் சொன்னார். துரை சொல்லிச் சொன்னாரா, அவரே சேர்த்துக்கொண்டாரா தெரியவில்லை.

அப்புறம் தாளைப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். "சாமிக்கண்ணோட ஓடிப் போறதா ரிப்போர்ட்டுல இருக்கே. அவருக்கும் உனக்கும் எவ்வளவு நாளா பழக்கம்?"

அந்தக் கேள்வியில் எனக்குப் பளிச்சென்று ஆயிற்று. வேலாயி ஓடுவாள் என்று ஆம்பளை ஒருத்தன் கேட்டிருந்தால் காட்டுக்கு என்று நினைத்திருப்பான். தன் புருஷனோடு ஓடுவாள் என்று நினைக்க உலகத்தில் ஒருத்தியால்தான் முடியும். மத்தியானம் புகைக்கூடத்துக்குக் காப்பி கொண்டுபோகிறவளும் அந்தக் குஞ்சம்மா அக்காள்தான். காவல்காரன் பெண்டாட்டியோடு பீலியில் அழுது பேசினாளாம் என்று பின்னால் தெரிந்தது. அவள் புலம்பினது என்னைப் பற்றி. அது காவல்காரன் காதுக்குப் போய், கேட்டைத் தாண்டி, ஸ்டேஷனுக்கு வருவதற்குள் கூட்டமாகவும் காடாகவும் மாறியிருந்தது. இதையெல்லாம் தெரிந்து செய்தாளா என்றால் எனக்குத் தெரியாது. என்னை எங்கேயாவது அனுப்பிவிட்டால் சரி என்று நினைத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு எங்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தி அண்ணனைக் கேட்டார்கள். அவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தன் பள்ளிக்கூட இங்கிலீஷில் குரூப், குரூப் என்றார். எந்த குரூப் என்றார் துரை. ஆசிட் குரூப் என்றார் இவர். அப்படியானால் ஆசிட் குரூப் இருப்பது உண்மை என்று துரை எழுதிக்கொண்டார். அதில் யார் யார் என்று கேட்டதற்கு, ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் என்றார். இவையெல்லாம் உங்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியப் பேர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. தோட்டத்துத் துரைக்கு டெலிபோன் போட்டார்கள். கூட்டம் நடக்கப்போவது உண்மை, ஆனால் நாங்கள் கொடுத்த பேச்சில் பெரியதம்பியும் வேலாயியும் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். இல்லாத பேர்கள் எப்படி வந்தன? அண்ணன் சொல்லச் சொல்ல முடிச்சு இறுகிக்கொண்டே போயிற்று. வாயை மூடமாட்டாரா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆளுங்களையே நிறுத்திக் காட்டுறேன் துவான்" என்று துரையிடம் சொன்னார் அவர்.

ஸ்டேஷன் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கேட் திறந்திருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள். அண்ணன் பெரியதம்பியை நடுவில் நிறுத்தினார். நாலு கை வேண்டிய இடத்தில் கடவுள் அவருக்கு இரண்டுதான் கொடுத்திருக்கிறார். அதனால் ரங்கசாமியை அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு கையைச் சின்னத்தம்பி பிடித்துக்கொண்டார். மறு கையை அண்ணன், தான்தான் உடம்பு என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார். சின்னத்தம்பியின் இன்னொரு கையில் நான். அவர் கை வேர்வையில் வழுக்கியது. ஒரு போலீஸ்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் பேச ஆரம்பித்தார். பேசப் பேச அவருக்கு எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. புகைக்கூடத்துக்குப் பின்னால் பழகின அதே தோரணையில், இது கார்பன், இது ஆக்சிஜன் என்று சொல்லிக்கொண்டே வந்து என்னிடம் முடித்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"வேலாயி, இப்ப கையை விட்டுட்டு கேட்டுப் பக்கம் ஓடு" என்றார்.

நான் கேட்டைப் பார்த்தேன். துப்பாக்கிகளைப் பார்த்தேன். தப்பி ஓடியபோது சுடப்பட்டார் என்று அந்த நாளில் எத்தனை சேதி கேட்டிருப்போம். இவர் என்னை ஓடச் சொல்கிறார். நான் ஓடினால் இவர்கள் நினைத்ததெல்லாம் சரியாகிவிடும். சேதி கொண்டு ஓடுகிறவள் செத்தாள், மற்றவர்களை விட்டுவிடலாம் என்று ஆகிவிடும். அதற்குத்தானா இந்தச் சந்தோஷம்? சின்னத்தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஓடமாட்டேன். வேணும்னா நீ ஓடு அண்ணே."

அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. நான் சொன்னது என்னவென்று துரை கேட்டார். தனபாலன் என்னைப் பார்த்தார், கேட்டில் நிற்கிற துப்பாக்கிகளைப் பார்த்தார். பிறகு, நான் சொன்னதை நான் சொன்னபடியே சொன்னார், காரம் சேர்க்கவில்லை. ஏன் ஓடமாட்டேன் என்கிறாள் என்று துரை அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் பெரியதம்பியின் கையை விடாமலே சொன்னார். "அது சரிதான் துவான். இது வீக் ஆசிட். நூத்துல ஏதோ ஒண்ணு ரெண்டு வேலாயிதான் ஓடும். மிச்சமெல்லாம் கையை விடாது."

துரை, வீக் ஆசிட் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவரும் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் இதை உருப்போட்டிருக்கவேண்டும். என் கையைப் பார்த்தார், சின்னத்தம்பியின் கை வெளுத்துப்போகும்படி நான் பிடித்திருந்ததைப் பார்த்தார். அதுவரை இறுகியிருந்த முகம் தளர்ந்து, சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு தனபாலனும் சிரித்தார். துரையிடம் அவர் மறுபடி பேசியபோது கேங் என்ற சொல் வரவில்லை. குரூப் என்றே சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேச்சு நடக்கிற அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

விட்டுவிட்டார்கள் என்றால் சந்தேகமும் விட்டுப்போய்விடுமா? பீலியில் நான் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். சீக்கிரம் விட்டுவிட்டார்களே, என்ன சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாளோ என்று ஒருத்தி என் காதில் விழும்படியே கேட்டாள். அண்ணனைத் தனியாகப் பார்த்தபோது, கேட்டில் துப்பாக்கி இருந்தது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். சத்தியமாகப் பார்க்கவில்லை, ஹைட்ரஜனை மட்டும்தான் பார்த்தேன் என்றார். பாதி நம்பினேன். ரிப்போர்ட்டில் உங்களோடு ஓடுவதாக இருந்ததாம் என்பதையும் சொன்னேன். யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆசிட் வாளியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைதான். சண்டை வரும் என்று காது வைத்துக் காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. குஞ்சம்மா அக்காளின் மயிரைப் பிடித்து இழுத்துக் கேட்கவேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் பீலியில் இரண்டு பெண்கள் அடித்துக்கொண்டால் அதுவும் ரிப்போர்ட்டாகப் போகும். மென்று விழுங்கிக்கொண்டேன்.

பேச்சு நடந்த அன்றைக்கு ஸ்டோருக்குள் சாக்கு விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். வாசலில் காவல்காரர்கள். சுவரோரம் புது ஆள் ஒருவன், சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான், கண் மட்டும் சும்மா இல்லை. எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கடைசியாக வந்த குஞ்சம்மா அக்காளுக்கு வேறு இடம் கிடைக்காமல் என் பக்கத்தில்தான் உட்காரவேண்டியதாயிற்று. இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளைக்காரர் பேசினார், அண்ணன் தமிழில் சொன்னார். அந்தச் சொல் வந்ததும் நின்றார். சுவரோரம் நிற்கிறவனை ஒரு பார்வை பார்த்தார். "இதை இங்கிலீஷ்ல குரூப்னு சொல்லுவாங்க. தமிழ்லயும் குரூப்புத்தான்" என்றார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். நடுவில் நிற்கிற கார்பன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு பக்கமும் இரண்டு ஆக்சிஜன், அவர்களுக்குப் பேர் வேண்டாம் என்றார். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த பெரியதம்பி நிமிர்ந்தார்.

"கடைசியா ஹைட்ரஜன். அது என் சம்சாரம் குஞ்சம்மா. சத்தம் காட்டாம கையை விட்டுட்டு ஓடும். அது ஓடிப் போய் விழுந்த இடத்துல பால் திரிஞ்சுபோகும்."

ஸ்டோரே சிரித்தது. புருஷன் பெண்டாட்டி கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். சுவரோரம் நின்றவன்கூடப் பல்லைக் காட்டினான். சிரிக்காதவர்கள் மூன்று பேர். சொன்னவர் சிரிக்கவில்லை. நான் சிரிக்கவில்லை. குஞ்சம்மா அக்காளின் முகத்தில் ரத்தமே இல்லை. சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். சுவரோரம் நின்றவன் பல்லை மூடிக்கொண்டு தலையை இந்தப் பக்கம் திருப்பினான்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "உட்காரு அக்கா. இப்ப எந்திரிச்சு ஓடினா அவன் வேற மாதிரி எழுதிக்குவான்."

உட்கார்ந்தாள். மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். கோபத்தில் விரல் எலும்பு நெரிகிற மாதிரி பிடித்திருந்தேன், அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பேச்சு முடிந்து சுவரோரம் நின்றவன் வெளியே போகிற வரைக்கும் அந்தக் கையை நான் விடவில்லை.